பின்பக்க வகுப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

அப்பா ஏன் கையெழுத்து வைத்தார்?

முப்பத்தேழு வருடமாக என்னிடம் இருக்கும் கேள்வி. பதில் தெரியாது. அவரிடம் கேட்டதும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்றால் அதற்கும் பதில் தெரியாது. மரியாதை, பயம், சோம்பல் – எதைச் சொன்னாலும் பாதிதான் உண்மை.

இன்று தம்பி விஜிதரன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவிஸில் நான் இருக்கும் பாசலிலிருந்து ரெயினில் ஒரு மணித்தியாலம். அம்மா போனபிறகு அப்பா அவனோடுதான் இருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் விஜி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனுடைய மகள் கோபிஷாவின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வரும் ஓகஸ்ட்டிலிருந்து அவளை க்ளைன்கிளாஸில் விடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களோடு சேர்ந்து படிக்கமாட்டார்கள் என்று முடிவுகட்டப்பட்ட பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கான தனி வகுப்பு அது. வேறு கட்டடம், வேறு தெரு. பஸ்ஸில் போகவேண்டும்.

காரணங்கள்: வகுப்பில் தானாகப் பேசுவதில்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிலும் பின்னுக்கு நிற்கிறாள். பிறகு தனி வரியில்: பெற்றோர் நன்றாக ஒத்துழைப்பவர்கள்.

பெப்ரவரி 27 கூட்டம். அன்றைக்குக் கையெழுத்து வைக்கவேண்டும்.

விஜி ரீச்சர் நல்ல மனிசி என்றான். அவன் மனைவி கலாவதி, சின்ன வகுப்பென்றால் கூடக் கவனிப்பார்கள்தானே என்றாள். கூட்டத்துக்கு இறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோக யோசித்திருக்கிறாளாம். அப்பா கதிரையில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். ரெயின் ஓல்டன் தாண்டியபிறகுதான் எனக்கு என்ன நடக்கிறதென்று விளங்கியது. கோபம்.

ஜனவரி 6, திங்கள்

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மூன்று ராசாக்கள் கேக்: குழந்தை யேசுவைப் பார்க்கப் போன ராசாக்களின் நாள், துண்டுக்குள் பொம்மை கிடைத்தவர்தான் அன்றைக்கு ராசா. எனக்குக் கிடைத்த துண்டில்தான் பிளாஸ்ரிக் ராசா இருந்தது. பொன்நிறக் கடதாசி முடியைத் தலையில் வைத்துவிட்டார்கள். சிரித்தேன். பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் மாதிரிகள் வந்துவிட்டன என்று சொல்லி முடியைக் கழற்றி வைத்தேன்.

அவர்கள் மேல் பிழையில்லை. அவர்களுக்குத் தெரியாது.

1988 டிசம்பர். எனக்குப் பதினொரு வயது, நானும் ஒரு க்ளைன்கிளாஸில், பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்தேன். முன்கட்டடத்து ஆசிரியை ஒருத்தி எங்கள் வகுப்புக்கு வந்து வாசலில் நின்று, கடையில் பழம் பார்ப்பதுபோல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டினாள். முன்கட்டடப் பிள்ளைகள் போடும் நத்தார் நாடகத்தில், அந்த மூன்று ராசாக்களில் ஒருவரான கறுத்த ராசா வேண்டுமாம். “இவளுக்கு மை பூசத் தேவையில்லை” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நல்ல மனதோடுதான்.

அந்த இரண்டு கிழமை ஒத்திகைக்காக என்னை முன்வாசலால் போகவிட்டார்கள். நாடகம் முடிந்த அடுத்த நாள் திரும்பவும் பின்பக்கம்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களையா, என்னையா – தெரியாது.

ஜனவரி 11, சனி

எழுதி வைப்பது நல்லது. ஞாபகம் ஒரு சாட்சி. ஆனால் நாள் போகப்போக அலங்கரிக்கும் சாட்சி. அதனால் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா 85இல் வந்தார். அம்மாவும் நானும் ஒரு வயது விஜியும் 87 ஒக்ரோபரில். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர் இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அகதி வழக்கு முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போனபோது முன்கட்டடத்துக்குள் கூட்டிப்போகவில்லை. உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மரக் கொட்டகை இருந்தது, மொழி பிடிபடும்வரை அங்கே என்றார்கள். பரக்க என்பார்கள். எண்ணெய் அடுப்பு, மூன்று யன்னல், பதினாலு பிள்ளைகள். துருக்கி, யூகோஸ்லாவியா, போர்த்துக்கல். இரண்டு சுவிஸ் பிள்ளைகள். ஒருவனுக்குக் காது கேட்காது, மற்றவனுடைய தகப்பன் குடிகாரன். இந்தப் பதினாலு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு விசயம்தான் இருந்தது: முன்கட்டடத்தில் எங்களைப் பார்க்க விருப்பமில்லை.

எங்களுக்கு இடைவேளை கால் மணித்தியாலம் பிந்தி. மற்றவர்கள் உள்ளே போய்ச் சேர்ந்தபிறகு எங்களை வெளியே விடுவார்கள். ஆகவே அந்த முற்றத்தில் நான் பார்த்த முன்கட்டடப் பிள்ளைகள் யன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான்.

ஊரில் பின்னக்கணக்குச் செய்துவிட்டு வந்தவள் நான். இங்கே நூலில் மணி கோர்த்தேன். சிவப்பு, சிவப்பு, நீலம். முடிந்தால் அவிழ்த்து மறுபடியும் கோர்க்கவேண்டும்.

நீச்சல் நாளில் எல்லோரும் ஒருதரம் குளித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கலாம். துருக்கிப் பெட்டையையும் என்னையும் இரண்டு தரம் குளிக்கச் சொல்வார்கள். அங்கே முன்கட்டடத்துப் பெடியன் ஒருவன் எச்சிலில் விரலை நனைத்து என் கையில் தேய்த்து, நிறம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை என்று மற்றவர்களுக்கு விரலைக் காட்டினான். நான் அழவில்லை. நானும் அந்த விரலைப் பார்த்தேன்.

என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவின் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா, அதைத்தான் குடும்பப்பெயராகப் பதிந்திருந்தார்கள். நீளமாம். அதனால் நான் “ஸ்ரீ.” நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல், ஸ்ரீ, வா.

மூன்று வருடம். பிறகு இரண்டு மாதத்துக்கு மாற்று ஆசிரியராக வந்த ஒருவர் எனக்கு ஒரு கணக்குத் தாளைத் தந்து, திருத்திப் பார்த்துவிட்டு, என்னைக் கையில் பிடித்து முன்கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். அவர் வராமல் விட்டிருந்தால்? பிறகு நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்ததை எல்லோரும் என்னுடைய கெட்டித்தனம் என்கிறார்கள். இல்லை. ஒரு ஆசிரியைக்குப் பிள்ளை பிறந்தது, மாற்று ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

என்னோடு இருந்த பதின்மூன்று பேருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

அந்த ஊர்க் கெமைண்டேக்கு, ஊராட்சி அலுவலகத்துக்கு, எழுதினேன்: என் பள்ளிக் கோப்பு இருந்தால் பார்க்கவேண்டும். சட்டப்படி உரிமை உண்டு. இருக்காது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எனக்கு என் மேலும் சந்தேகம். என்னுடைய பழைய கோபத்தை இந்தப் பிள்ளையின் முதுகில் ஏற்றுகிறேனா? அவளுக்கு உண்மையில் உதவி தேவைப்பட்டால்?

ஆகவே இன்று போய் அவளோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். சோதனை என்று சொல்லவில்லை. ஜெர்மன் புத்தகம் வாசித்தாள், தமிழில் கதையைச் சொன்னாள், நடுவில் நான் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தபோது திருத்தினாள். அவளுடைய எழுத்துச் சோதனைத் தாள்களையும் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பது என் தொழில் விதி. ஒன்பது தாள் பார்த்தேன்.

பிறகு கேட்டேன், வகுப்பில் ஏன் கை உயர்த்துவதில்லை என்று. என்னை விளங்காதவள் மாதிரிப் பார்த்தாள்.

“மாமி, ரீச்சர் என்ர பேரைச் சொல்லிக் கேக்கேல்லைத்தானே. கேக்காமல் என்னெண்டு சொல்லுறது?”

கலாவதி குசினியிலிருந்து, நல்ல பிள்ளை அப்படித்தான் என்றாள். பெரியாக்கள் கேட்டால் சொல்லவேண்டும், கேட்காட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் – அவள் சொல்லிக்கொடுத்தது. என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதேதான்.

வெளியில் வந்து விஜியோடு கதைத்தேன். காலம் மாறிவிட்டது, இப்ப அப்பிடி இல்லை அக்கா என்றான். அவன் கிண்டர்கார்டனிலிருந்தே முன்வாசலால் போனவன். மாறினால் ஏன் அதே வசனம் என்று கேட்டேன். எந்த வசனம் என்றான். தானாகப் பேசுவதில்லை, என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். அவனுக்கு அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

கோப்பு இருக்கிறதாம். மற்ற ஊர்களில் இப்படியானதெல்லாம் அழித்தாயிற்று, எங்கள் நிலவறையில் மறந்துபோய்க் கிடந்தது, வந்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

மறந்துபோய்க் கிடந்ததாம்.

பெப்ரவரி 7, வெள்ளி

அரைநாள் லீவு. கெமைண்டே மண்டபத்தில் இரண்டாம் மாடி. சுவடிப் பொறுப்பாளர் சின்னப் பெடியன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி இருந்தான். இருபத்திமூன்று தாள். அவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, 1988 மார்ச் 17, உளவியலாளரின் அறிக்கை. நான் வந்து ஐந்து மாதம். சோதனை நாற்பது நிமிடம், நான் ஐந்து மாதமாகக் கேட்டுவந்த மொழியில். படம் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்: சறுக்குவண்டி, ஊசியிலைக் காய், குயில் கூவும் மணிக்கூடு. “பெரும்பாலான அன்றாடப் பொருட்களின் பெயர் தெரியவில்லை.” கீழே: “சோதிப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம்தரம் கேட்டால்தான் பதில். சோதனை முழுவதும் எழுந்து நின்றாள். கைகளை மார்பில் கட்டியிருந்தாள். மறுக்கும் உடல்மொழி.”

மறுக்கும் உடல்மொழி. பெரியவர் ஒருவர் கேள்வி கேட்கிறார், எழுந்து கைகட்டி நின்றேன். எனக்குத் தெரிந்த அதியுயர்ந்த மரியாதை அது. அந்த மனிதருக்குக் கொடுத்தேன்.

கடைசி வரி: “தானாகப் பேசுவதில்லை. பெற்றோர் நன்றாக ஒத்துழைப்பவர்கள்.”

இரண்டாவது, மே 9. க்ளைன்கிளாஸுக்குச் சம்மதம். கீழே அப்பாவின் கையெழுத்து. கச்சேரியில் ஆயிரம் கோப்பில் வைத்த அதே அழகான கையெழுத்து.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 28. அப்பா பள்ளிக்கூட அதிபருக்கு எழுதிய கடிதம். ஆங்கிலத்தில், கோடில்லாத தாளில், அடிமட்டம் வைத்ததுபோல் நேரான வரிகளில், இரண்டு பக்கம். முதல் பக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கள் மேன்மைமிகு பாடசாலை என் மகளுக்குக் காட்டிவரும் பெருங்கருணைக்கு என் உளமார்ந்த நன்றியைப் பணிவோடு சமர்ப்பிக்கிறேன். வந்தேறிய எம்மை ஏற்ற இந்நாட்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆசிரியர் பெருமக்களின் பொறுமைக்கு என் நன்றி. தங்கள் பொன்னான நேரத்துக்கு என் நன்றி. இப்படியே அடிவரை.

இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பந்தியில்: என் மகள் ஐந்தாம் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்தவள், தேர்ச்சி அறிக்கை இணைத்துள்ளேன். ஆகையால் அவளைப் பிரதான கட்டடத்தில் ஏனைய பிள்ளைகளோடு அமர்த்துவது பற்றித் தாங்கள் திருவுளம் கொண்டு பரிசீலிக்கப் பணிந்து வேண்டுகிறேன்.

முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு குறிப்பு: “தகப்பனின் நன்றிக் கடிதம். பதில் தேவையில்லை.”

அதற்குப் பின்னால் என் தேர்ச்சி அறிக்கை. கணிதம் 96. நான் மணி கோர்த்த மூன்று வருடமும் அது அந்தக் கோப்பில்தான் இருந்திருக்கிறது.

பெடியன் வந்து எல்லாம் சரியா என்று கேட்டான். பிரதி எடுக்கவேண்டும் என்றேன்.

பெப்ரவரி 8, சனி

எண்ணிப் பார்த்தன். கணக்கு 96 எண்டு எழுதிக் கிடக்கு. தமிழ் எழுத்தில்லை, இலக்கம். இலக்கம் இஞ்சயும் அங்கயும் ஒண்டுதானே? ஆருக்கு மொழிபெயர்ப்பு வேணும் 96க்கு?

ஒரு தாளைத் திருப்பிப் பாக்க எவ்வளவு நேரம் செல்லும்?

அகராதி இல்லையோ அந்தப் பள்ளிக்கூடத்தில? இங்கிலீசு படிப்பிக்கிற ஒரு வாத்தி இல்லையோ?

பெப்ரவரி 9, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டேன்.

விஜியும் கலாவதியும் கோபிஷாவைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நானும் அவரும்தான். பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதத்தைக் கண்டேன் என்றதும் முதலில் எந்தக் கடிதம் என்றார். எண்பத்தெட்டில எழுதினது, நான் பரக்கயில இருக்கேக்க என்றேன். தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“அதை வச்சிருக்கிறாங்களோ?”

பிரதியைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டு பக்கமும் விரலை ஓட்டி வாசித்தார். எண்பத்திரண்டு வயது. கடைசியில் நிமிர்ந்து, “இதில பிழை ஒண்டும் இல்லை” என்றார்.

பென்சில் குறிப்பை நான்தான் வாசித்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லவேண்டும் போல இருந்தது. அதுவும் கோபம்தான், அவர் மேல்.

ரெண்டாம் பக்கத்தில தெளிவா எழுதினனான் என்றார். ஒரு பக்கம் முழுக்க நன்றி எழுதினால் ஆர் ரெண்டாம் பக்கத்தைத் திருப்புவினம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நன்றி சொல்லாமல் என்னெண்டு பிள்ளை ஒராளிட்ட ஒண்டைக் கேக்கிறது?”

அவருக்கு அது பாசாங்கில்லை. கச்சேரியில் இருபது வருடம் அப்படித்தான் மனு எழுதினார், அப்படித்தான் மனு வாசித்தார். முதல் பக்கம் வணக்கம், விசயம் பின்னால் என்று எழுதுகிறவனுக்கும் தெரியும், வாசிக்கிறவனுக்கும் தெரியும். இங்கே வாசித்தவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவனுக்கு அவசியமில்லை.

பிறகு கையெழுத்தைக் கேட்டேன். ஆறு கிழமை மறுமொழியைப் பார்த்திருந்தாராம். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுதல் தபால்பெட்டியைத் திறப்பாராம். இன்னொன்று எழுத நினைத்தபோது, அகதிகளுக்கு உதவி செய்த மனிசி வேண்டாம் என்றாளாம்: வழக்கு நடக்கிறது, பிரச்சினைக்கார ஆள் என்று எங்கேயாவது எழுதிவைத்தால் நாலு பேரையும் திருப்பி அனுப்புவார்கள்.

“உன்னைப் பின்னால இருத்தினால் படிப்பு மட்டும்தானே போகும் எண்டு நினைச்சன்” என்றார்.

இதெல்லாவற்றையும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். மறுமொழி போடாத கடிதத்தைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன கதைக்கிறது என்றார்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி குறைவு என்றார்.

பெப்ரவரி 10, திங்கள்

இத்தனை வருடமும் பிழையான ஆளோடு கோபமாக இருந்திருக்கிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

விஜி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கடிதம் ஒன்று தட்டியிருந்தான். கோப்புப் பிரதிகளை அவனுக்குக் காட்டியபிறகு அவனுக்கும் மனம் குழம்பிவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினான். நல்ல ஜெர்மன், என்னுடையதைவிடத் திறம். முதல் பந்தி: பள்ளிக்கூடத்தின் அக்கறைக்கு நன்றி. இரண்டாம் பந்தி: ஆசிரியையின் பொறுமைக்கு நன்றி. மூன்றாவது: திறந்த உரையாடலுக்கு நன்றி. நாலாவதில், இந்த யோசனை தொடர்பாகச் சில கேள்விகள் எழுகின்றன.

அப்பாவின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தான். முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

“அக்கா, இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறவை.”

“எழுதுவினம். அவையின்ரயெண்டால் ரெண்டாம் பக்கத்தையும் வாசிப்பினம்.”

முதல் வரியிலேயே சம்மதமில்லை என்று எழுது என்றேன். அது மரியாதையில்லை என்று அப்பா கதிரையிலிருந்து சொன்னார். மூன்று பேரும் வாதாடினோம். விஜிக்குப் பயம் வேறு மாதிரி: அடுத்த நாலு வருடமும் இதே பள்ளிக்கூடம், இதே அதிபர். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், கலாவதிக்கு. கெமைண்டேயில் விசாரிப்பார்கள். அவன் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அதுதான் எரிச்சல் – எண்பத்தெட்டிலும் அர்த்தம் இருந்தது.

கலாவதி துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைக் கேட்டாள்: “மச்சாள், நான் கையெழுத்து வைக்காட்டி ரீச்சர் பிள்ளையில கோவத்தைக் காட்டமாட்டாவோ?”

காட்டமாட்டாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றேன்.

பிறகு அவள் அப்பாவின் கடிதத்தை எடுத்து, மாமா, இதைத் தமிழில் வாசியுங்கோ என்றாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. அப்பா கச்சேரியில் மனு வாசிப்பதுபோல் ஒரே குரலில், இடையில் நிறுத்தாமல், முழுவதையும் தமிழில் சொன்னார். முதல் பக்கம் நன்றி, நன்றி என்று போய்க்கொண்டே இருந்தது. கோபிஷா அறைக்குள்ளிருந்து வந்து ஆரம்மா உங்களுக்கு நன்றி சொல்லுறது என்று கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் பக்கம் முடிந்ததும் கலாவதி எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அதிகநேரம் திறந்திருந்தது.

கடிதம் அனுப்பவில்லை. நேரில் கதைப்பது என்று முடிவு. என்னையும் வரச் சொன்னார்கள். இப்படியான இடங்களுக்கு நான் போகிறவள் இல்லை. சரி என்றேன்.

பெப்ரவரி 26, புதன்

நாலு பக்கக் குறிப்பு எழுதி முடித்தேன். எழுத்துச் சோதனைப் புள்ளிகள், திகதிகள், சட்டப் பிரிவுகள். யாரும் பிழை பிடிக்கமுடியாது.

விஜி போன் எடுத்தான். கலாவதி ரோல்ஸ் சுருட்டுகிறாளாம். ஐம்பது. அப்படியானால் கையெழுத்து வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

நாலரை மணிக்குக் கூட்டம். அதிபர், ஆசிரியை, பள்ளி உளவியலாளர். இந்தப் பக்கம் விஜி, கலாவதி, நான். ஆசிரியை இளம் பிள்ளை, களைத்த முகம். கெட்டவள் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். என்னைப் பரக்கயில் வைத்திருந்தவர்களும் கெட்டவர்களாகத் தெரியவில்லை.

கலாவதி ரோல்ஸ் தட்டை நடுவில் வைத்தாள். உளவியலாளர் ஒன்றை எடுத்துக் கடித்து, காரம் என்று சிரித்தார். மேசை இளகிவிட்டது.

அதிபர் கதைத்தார். சின்னக் குழு, தனிக்கவனம், அழுத்தமில்லாத சூழல். பிறகு விஜி. நான் பயந்தபடியே தொடங்கினான். பள்ளிக்கூடத்தின் அக்கறைக்கு நன்றி. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அதிபர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். விஜி இன்னும் விசயத்துக்கு வரவில்லை. அதிபர் படிவத்தை மேசையில் தள்ளி, பேனையையும் அதன் மேல் வைத்தார். விஜி பேச்சை நிறுத்தி அந்தப் பேனையைப் பார்த்தான். கையில் எடுத்தும்விட்டான்.

“நைன்,” என்றாள் கலாவதி. இல்லை.

அவளுடைய ஜெர்மன் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றப் பழகிய ஜெர்மன். அதில் நன்றி சொல்லச் சொல் இருக்கிறது, சுற்றி வளைக்கச் சொல் இல்லை. நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். என் பிள்ளை இந்த வகுப்பில் இருப்பாள். கேட்டால் அவள் சொல்லுவாள், நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். சொல்லும்போது அதிபரின் முகத்தை நேரே பார்த்தாள்.

விஜி மெதுவாக, கலா என்றான். அவள் திரும்பவில்லை.

ஆசிரியையின் கழுத்து சிவந்தது. பிறகு, எழுத்தில் அவள் நன்றாகத்தான் செய்கிறாள் என்று ஆசிரியையே சொன்னாள், யாரும் கேட்காமல். உளவியலாளர் கையிலிருந்த பாதி ரோல்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

விஜி மேசையில் வைத்த பேனையை அதிபர் எடுத்து மூடினார். பெற்றோர் சம்மதிக்காவிட்டால் பள்ளிச் சபைதான் முடிவு செய்யவேண்டும், ஏப்ரலில் கூடும். அதுவரை பிள்ளை இருக்கிற இடத்தில் இருப்பாள் என்றார். குரலில் கோபமில்லை. நடைமுறையைச் சொன்னார். அவ்வளவுதான்.

பதினொரு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்தேன். இல்லை என்று ஒருவர் சொன்னால் பதினொரு நிமிடத்தில் முடிகிற விசயம் இது. எனக்கு மூன்று வருடம் போனது. அந்தப் பதின்மூன்று பேருக்கு எவ்வளவு போனதென்று யாரிடமும் கணக்கில்லை.

என் நாலு பக்கத்தை நான் எடுக்கவே இல்லை. ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்: தாய் சம்மதிக்கவில்லை என்பதை அறிக்கையில் முதல் வரியாக எழுதவேண்டும்.

வெளியில் வந்ததும் கலாவதி மிச்ச ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். வாசல் படியில் இருந்துவிட்டாள். பிழை செய்துவிட்டேனோ மச்சாள் என்று கேட்டாள். சபை என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது, நாளைக்கு வகுப்பில் என்ன நடக்குமோ அதுவும் தெரியாது என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பக்கத்தில் இருந்தேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பகல் கலாவதி போன் எடுத்தாள். கோபிஷா எட்டுப் பத்துக்கு வழமைபோலப் போனாள். ஆசிரியை இரண்டாம் பாடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் கோபிஷாவுக்குப் பயம் வந்துவிட்டதாம். எழுந்து நின்றாளாம், பதில் தெரிந்தும் சொல்லவில்லையாம். கலாவதி அழுதாள். நான் போனைக் காதில் வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு விஜி பள்ளிக்கூடத்தின் கூட்ட அறிக்கையை அனுப்பினான். ஒரு பக்கம்தான். முதல் வரி: தாய் சம்மதிக்கவில்லை. கலாவதி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாளாம். அப்பா ஒரு பிரதி கேட்டாராம்.

ஏப்ரலில் சபை என்ன முடிவெடுக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்று முழுநாளும் கோபிஷா ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் வகுப்பில், தன் கதிரையில் இருந்துகொண்டுதான் பேசாமல் இருந்தாள்.